கேரவனுக்கு வைத்த சுவிட்ச்

1

இந்த நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் மலாக்காவில் பண்டார் ஹிலிர் பகுதி முழுவதும் கொடியும் வண்ண பல்பும் தொங்கின. அதில் பாதி பல்பை ஏணியில் ஏறிக் கட்டியவன் நான். அதனால் கொண்டாட்டத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. மேலே இருந்து எல்லாருடைய தலைகளையும் பார்த்தேன்.

பேராவூரணியில் இருக்கும் என் தம்பி சதாசிவம் மாதம் தவறாமல் கடிதம் எழுதுகிறவன். இந்த ஒரு வருஷமாக அவன் கடிதத்தில் ஒரே கேள்விதான். "வெள்ளைக்காரன்தான் போய்விட்டானே, இனி உங்களுக்கு அங்கே என்ன வேலை? எப்போது புறப்படுகிறீர்கள்?" வெள்ளைக்காரன் என்னைக் கூடவே அழைத்து வந்தவன் போலவும், போகும்போது என்னை மறந்து விட்டுவிட்டுப் போனவன் போலவும் எழுதுவான். நானும் ஒவ்வொரு தடவையும் மழையைப் பற்றியும் மீன் கிடைப்பதைப் பற்றியும் இரண்டு பக்கம் எழுதி, கடைசியில் இடம் இல்லை என்று முடித்துவிடுவேன். இந்தப் பத்திரிகையை அவன் தவறாமல் படிக்கிறான். ஆகவே பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். நேராகச் சொல்ல வராது. ஒரு சுவிட்ச் வைத்த கதையாகத்தான் சொல்ல வரும்.

2

நான் மோட்டார் வண்டிகளுக்கு ஒயரிங் செய்கிறவன். ஜப்பான்காரன் போன மறு வருஷம் இங்கே வந்தேன். ஒரு வருஷம் கழித்து என் மனைவி ராஜம் கைக்குழந்தையோடு கப்பலில் வந்து சேர்ந்தாள். அந்தக் கைக்குழந்தை செல்விக்கு இப்போது இடுப்புக்குக் கீழே தொங்கும் ஜடை. மலாக்கா ஊரில் காஜா பேராங் என்ற பகுதியில் இருக்கிறோம்.

பக்கத்திலேயே செட்டிகள் கிராமம். செட்டி என்றதும் வட்டிக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் பல தலைமுறைக்கு முன்னால் வந்து இந்த மண்ணில் பெண் எடுத்து இங்கேயே ஆகிப்போன நம் ஆட்கள். திருநீறு பூசுவார்கள், அம்மன் கும்பிடுவார்கள், பெயர் அண்ணாமலை, மீனாட்சி என்று இருக்கும். பேசுவது மலாய். ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெருவில் உள்ள பிள்ளையார் கோயிலில் என் பக்கத்தில் நின்று கண்ணீர் விட்டுக் கும்பிட்ட மனிதரிடம் "எந்த ஊருங்க?" என்று கேட்டு, அவர் திருதிரு என்று விழித்த முதல் வெள்ளிக்கிழமை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அவர்தான் அண்ணாமலை. டாக்சி ஓட்டுகிறார்.

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை, மகனுக்குக் கல்யாணம் என்று சொல்லி வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டார். நியாயம்தான். அதே மாதத்தில் ஓர் ஆங்கிலேய இன்ஜினியர் சீமைக்குப் புறப்பட்டார். அவர் காருக்கு நான்தான் ஒயரிங் பார்ப்பது. அவரிடம் ஒரு கேரவன் இருந்தது. கேரவன் என்றால் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சின்ன அறை. உள்ளே இரண்டு கட்டில், மடக்கு மேசை, அலமாரி, ஜன்னலுக்குத் திரை. துரை விடுமுறைக்குக் கடற்கரையில் போய்ப் படுத்துக்கொள்ள வாங்கியது. கப்பலில் ஏற்ற மனமில்லாமல், "நீ வைத்துக்கொள்" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நாட்டை நாட்டுக்காரர்களிடம் கொடுத்த கையோடு கேரவனை என்னிடம் கொடுத்தார் என்று பட்டறையில் கேலி பேசினார்கள்.

அண்ணாமலை தன் வீட்டு முன்பக்கத்தில் நிறுத்திக்கொள்ளச் சொன்னார். ஒரு சங்கடம். முன்பக்கத்தில் அவர்கள் குடும்பத்து அம்மன் கல் இருக்கிறது. அதை அசைக்கக் கூடாது. அதனால் கேரவனின் முக்கால் உடம்பு அவர் இடத்தில் நின்றது, வால் சாலையில் நீட்டிக்கொண்டிருந்தது. அதில் நாங்கள் மூன்று பேரும் குடியேறினோம்.

3

ஒருநாள் நகரசபையிலிருந்து ஓர் இளைஞர் சைக்கிளில் வந்தார். மலாய்க்காரர், மரியாதையான பையன். கேரவனைச் சுற்றி வந்து பார்த்து, நோட்டில் எழுதி, ஒரு தாளைக் கையில் கொடுத்தார். சாலையில் நிறுத்திய எந்த வண்டியும் இருட்டியதும் விளக்கோடு இருக்க வேண்டும். வாலை ஓரடியாவது உள்ளே தள்ள வேண்டும். ஏழாம் நாள் சாயங்காலம் வந்து பார்ப்பேன், விளக்கு இல்லையென்றால் இழுத்துப் போய்விடுவோம் என்றார்.

இதற்கு முன்பே மின்சார இலாகாவிடம் இணைப்பு வேண்டும் என்று எழுதிக் கேட்டிருந்தேன். சக்கரம் உள்ளது வீடு ஆகாது, வீடு அல்லாததற்கு இணைப்பு கிடையாது என்று பதில் வந்தது. ஆக, வெளிச்சம் கேட்டால் அது வண்டி. வண்டிதானே என்று விட்டால், வண்டிக்கு வெளிச்சம் எங்கே என்று கேட்கிறார்கள். நான் யாரையும் குறை சொல்லவில்லை. இரண்டு பேர் கையிலும் அச்சடித்த விதி இருந்தது. என்னிடம்தான் ஒன்றும் இல்லை.

கேரவனுக்கு விளக்குகள் உண்டு. முன்னால் இரண்டு வெள்ளை, பின்னால் இரண்டு சிவப்பு. ஆனால் அவை இழுக்கிற காரின் பாட்டரியில் எரிபவை. காரிலிருந்து வரும் கேபிளைப் பிளக்கில் செருகினால்தான் உயிர் வரும். கார் இல்லாமல் நின்றால் இருட்டுத்தான். செய்ய வேண்டியது எளிய வேலை. உள்ளே ஒரு பாட்டரி வைத்து, அதிலிருந்து ஒரு சுவிட்ச் வழியாக அந்த விளக்கு ஒயருக்கு இணைப்புக் கொடுத்தால் நின்ற இடத்திலேயே எரியும். நான் வாயில் பீடியோடு முக்கால் மணி நேரத்தில் முடிக்கிற காரியம்.

அந்த முக்கால் மணி நேர வேலையை ஐந்து நாள் தள்ளிப்போட்டேன்.

காரணம் இருந்தது. அலமாரியில் குடியுரிமை மனு ஒன்று கிடந்தது. மெர்டேக்காவிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனுச் செய்தால் மலாய்ப் பரீட்சை இல்லை என்று சொன்னார்கள். வருஷம் முடியப் போகிறது. மனுவின் இரண்டாவது வரியே முகவரி. கேரவன் நின்றால் முகவரி உண்டு, மனு உண்டு, இந்த நாடு உண்டு. இழுத்துப் போய்விட்டால் ஒன்றும் இல்லை. நோட்டீஸ் வந்த அன்றே ராஜம் சொல்லிவிட்டாள்: "இழுத்துட்டுப் போறதுன்னா போவட்டும். கப்பல் ஏறிடுவோம்." சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள்.

எனக்கு அவள் ஊருக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று பட்டது. எனக்கோ இரண்டு மனது. தம்பியின் கடிதம் வந்த அன்று போக வேண்டும் என்றிருக்கும். மறுநாள் பட்டறைக்குப் போனால் அது மறந்துவிடும். நானே முடிவு செய்யாமல், நகரசபை லாரி வந்து முடிவு செய்துவிட்டால் நல்லது என்று ஒரு நினைப்பு உள்ளே ஓடியது. வெட்கமான விஷயம்தான். எழுதித்தான் ஆக வேண்டும்.

4

செல்வியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். போன தீபாவளிக்குச் சித்தப்பாவுக்கு அவளே ஒரு கடிதம் எழுதினாள். "நாங்கள் எல்லோரும் இங்கு சேனாங்காக இருக்கிறோம்" என்று எழுதியிருந்தாள். சேனாங் என்றால் மலாயில் சுகம், சௌகரியம். சதாசிவம் பதறிப்போய், "சேனாங் என்பது என்ன காய்ச்சல்? மூன்று பேருக்கும் ஒரே சமயத்திலா? டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று பதில் போட்டான். வீட்டில் இரண்டு நாள் சிரித்தோம். மூன்றாம் நாள், அந்தக் கடிதம் தபாலில் போகுமுன் நானும் அதைப் படித்தேனே, எனக்கு ஏன் அந்தச் சொல் உறுத்தவில்லை என்று யோசித்தேன்.

அவள் தோழிகள் அண்ணாமலையின் பெண்கள். அவர்களோடு மலாய். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ். எங்களோடு தமிழ், அதுவும் சாப்பாடு சம்பந்தமான தமிழ். "அப்பா, லம்பு பாசாங் பண்ணிட்டீங்களா?" என்று ஐந்து நாளும் சாயங்காலம் கேட்டாள். விளக்கு மாட்டியாச்சா என்று அர்த்தம்.

"நாளைக்கு" என்றேன் ஐந்து நாளும்.

5

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. இனியும் தள்ள முடியாமல் உட்கார்ந்தேன். பட்டறையில் தேடி ஒரு பழைய லாரி பாட்டரி கொண்டு வந்து, கட்டிலுக்கு அடியில் பெட்டிக்குள் வைத்தேன்.

பாட்டரிக்கு இரண்டு முனை உண்டு. ஒன்றை வண்டியின் இரும்பு உடம்போடு கட்டுவோம். மற்றதிலிருந்து ஒயர் விளக்குக்குப் போகும். இங்கிலீஷ் கார்களில் பிளஸ் முனைதான் உடம்புக்கு. அமெரிக்க லாரிகளில் மைனஸ் முனை. அந்த மாதம் முழுவதும் பட்டறையில் லாரிகளாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். கை பழக்கத்தில் மைனஸை உடம்போடு கட்டிவிட்டது. கேரவனை இழுக்கப் போவது அண்ணாமலையின் இங்கிலீஷ் கார் என்பது மண்டையில் ஏறவில்லை. விளக்குக்கு எந்தப் பக்கம் வந்தாலும் ஒன்றுதான், எரியும். எரிந்தது. செல்வி கைதட்டினாள். ராஜம் சிவப்பு விளக்கை எட்டிப் பார்த்துவிட்டு உலை வைக்கப் போனாள்.

ஃபியூஸ் போடவில்லை. அதுவும் அன்று விட்டுப் போனது.

இது என்ன பெரிய விஷயம் என்று கேட்பீர்கள். சின்ன வயதில் நான் வேலை பழகியது பட்டுக்கோட்டைப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த ஒரு டூரிங் டாக்கீஸில். ஒரு கோடையில் ஃபியூஸ் கம்பி தீர்ந்துவிட்டது என்று யாரோ ஆணியைச் செருகி வைத்தார்கள். பாதிப் படத்தில் கீற்றுக் கொட்டகை பற்றிக்கொண்டது. ஆட்கள் தப்பித்தார்கள், கொட்டகை போனது. அதிலிருந்து ஃபியூஸ் விஷயத்தில் நான் ஒரு பைத்தியம். பட்டறையில் என் பெயரே ஃபியூஸ் மாணிக்கம்.

6

சனிக்கிழமை அண்ணாமலை வீட்டில் முன்னோர்களுக்குப் பழப் படையல். பர்ச்சு என்பார்கள். வாழை இலையில் ரம்புத்தானும் மங்குஸ்தானும் டுரியானும் குவித்து, செத்துப்போனவர்களைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். எங்கள் செல்வியும் அங்கே இலை துடைத்துக்கொண்டிருந்தாள். படையல் முடிந்து நாலு மணி வாக்கில் அண்ணாமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். கேரவனை ஓரடி உள்ளே நகர்த்த வேண்டும், சாயங்காலம் நகரசபை ஆள் வருகிறார் அல்லவா?

"சுடா சியாப், பாங்?" தயாரா அண்ணே என்று கேட்டார். தயார் என்றேன்.

காரைக் கொண்டுவந்து கேரவனைக் கொக்கியில் மாட்டினார். ஓட்டுநர் பழக்கம், பிளக்கையும் செருகினார். கார் விளக்கையும் போட்டுப் பார்த்தார். கேரவனுக்குள் என் சுவிட்சும் போட்டபடி இருந்தது. ஒரு பாட்டரி ஒரு திசையில் தள்ள, இன்னொன்று எதிர்த் திசையில் தள்ள, நடுவில் அகப்பட்ட ஒயர் சிவந்து போனது. தடுக்க ஃபியூஸ் இல்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து புகை வந்தது. நான் உள்ளே பாய்ந்து பாட்டரி முனையைப் பிடுங்கினேன். உள்ளங்கை பொத்துப்போனது. அண்ணாமலை பிளக்கைப் பிடுங்கினார். ராஜம் பழம் கழுவிய வாளியைத் தூக்கிக் கட்டிலின் மேல் கொட்டினாள்.

அணைந்துவிட்டது. மெத்தையில் ஒரு தட்டு அளவு ஓட்டை. அவ்வளவுதான். அண்ணாமலை, தன் தவறு என்று நினைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்டபடியே இருந்தார். உங்கள் தவறு இல்லை, ஃபியூஸ் போடாத என்னுடையதுதான் என்று சொல்லி அவரை வீட்டுக்குள் அனுப்பினேன்.

ராஜம் என் கையில் எண்ணெய் தடவினாள்.

"என்னாங்க, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அடுத்தவன் வண்டிக்கு ஃபியூஸ் போடாம ஒரு நாளாச்சும் விட்டிருக்கீங்களா?"

"அவசரத்துல விட்டுப்போச்சு."

"அஞ்சு நாளு சும்மா உக்காந்துட்டு இருந்தீங்க. அப்ப இல்லாத அவசரமா?" என்றாள். "தெரிஞ்சேதான் விட்டீங்களா?"

பேச்சை அவள் பக்கம் திருப்பி, "நீதான கப்பல் ஏறிடலாம்னு சொன்ன?" என்றேன்.

"நான் எதுக்குச் சொன்னேன்? தம்பி லெட்டரு வர்ற அன்னிக்கெல்லாம் நீங்க சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருக்கீங்க. பாக்கச் சகிக்கல. உங்களுக்காகத்தான் சொன்னேன்."

"அப்ப உனக்குப் போவ ஆசை இல்லியா?"

"எங்கம்மாவும் போயாச்சு. அங்க யாரு இருக்கா எனக்கு? இவ நடக்கக் கத்துக்கிட்டது இங்க. நான் நாலு பேர்கிட்ட பேசப் பழகுனது இங்க. பத்து வருசத்துல ஒரு தடவையாச்சும் 'உனக்கு என்னா வேணும்'னு கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. மின்சார இலாகாவிடம் கேட்டேன், நகரசபையிடம் கேட்டேன், தம்பியின் கடிதத்தை இருபது தடவை படித்தேன். அவளைக் கேட்கவில்லை.

செல்வி பழத்தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. "சாயா தாக் மாவ் பெர்கி" என்றாள். நான் போகமாட்டேன் என்று. அழுகை வந்தால் அவளுக்கு மலாய்தான் வருகிறது. முன்பெல்லாம் அவள் இப்படிப் பேசினால், தமிழில் சொல்லு என்பேன். அன்று அவள் சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது.

"போகல" என்றேன். "நீ போயி என் டூல்ஸ் பெட்டிய எடுத்துட்டு வா."

பொழுது சாய ஒன்றரை மணி நேரம் இருந்தது. பாட்டரியைத் திருப்பி, பிளஸ்ஸை உடம்போடு கட்டினேன். ஃபியூஸ் போட்டேன். வெறும் சுவிட்சை எடுத்துவிட்டு, இரண்டு பக்கம் திரும்பும் சுவிட்ச் ஒன்றைப் பொருத்தினேன். ஒரு பக்கம் வைத்தால் கார், மறுபக்கம் வைத்தால் உள்ளே இருக்கும் பாட்டரி, நடுவில் வைத்தால் எதுவும் இல்லை. பொத்துப்போன கையால் திருப்புளியைப் பிடிக்க முடியவில்லை. நான் இடத்தைக் காட்ட, ராஜம்தான் முறுக்கினாள்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா வெக்க முடியாதா?" என்று கேட்டாள்.

"முடியாது. ஒரு நேரத்துல ஒண்ணுதான்."

"அப்பச் சரி" என்று கடைசித் திருகாணியை முறுக்கினாள்.

7

நகரசபை இளைஞர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கேரவன் ஓரடி உள்ளே போயிருந்தது. பின்னால் இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. புல்லில் நனைந்த மெத்தை கிடந்தது, அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல இருந்தார். நோட்டைத் திறந்து, "இனி ருமாகா, கெரேத்தாகா?" என்றார். இது வீடா, வண்டியா?

வண்டி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வண்டிக்கு விளக்கு என்றுதானே இத்தனை பாடு. அதற்குள் பின்னாலிருந்து ராஜத்தின் குரல் வந்தது.

"ருமா, இஞ்சே. ருமா காமி."

வீடு ஐயா, எங்கள் வீடு. மீன்காரரிடம் தவிர வேறு யாரிடமும் அவள் மலாய் பேசி நான் கேட்டதில்லை. இளைஞர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யோசித்தார். வீடு என்றால் அது என் இலாகா இல்லை, அதற்கு வேறு அதிகாரி வருவார், வரைபடம் கேட்பார் என்றார். பிறகு விளக்கைப் பார்த்தார், ராஜத்தைப் பார்த்தார். வண்டி என்ற கட்டத்தில் 'விளக்கு உண்டு' என்று எழுதிக்கொண்டார். முகவரி என்ற கட்டத்துக்கு வந்ததும் அண்ணாமலை தன் வீட்டு எண்ணைச் சொல்லி, "டெப்பான்" என்றார். முன்பக்கம். இளைஞர் அப்படியே எழுதிக்கொண்டு, கொடுத்த டுரியான் சுளையைத் தின்றுவிட்டுச் சைக்கிளில் ஏறினார். அந்த வேறு அதிகாரி இன்றுவரை வரவில்லை.

அதே முகவரியை மனுவில் எழுதினேன். கெடு முடிவதற்கு நாலு நாள் முன்பு மூன்று பேரும் மனு வாங்கும் சர்க்கார் கச்சேரிக்குப் போனோம். வாசல் வரை வரிசை. தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் சட்டைப் பையில் மனுவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார். குமாஸ்தா எங்கள் மனுவைப் படித்து, "முன்பக்கம் என்றால் என்ன?" என்று கேட்டார். செல்வி மலாயில் விளக்கினாள். அவள் பேசுவதை முதல் தடவையாகப் பெருமையோடு கேட்டேன். பிறகு கையை உயர்த்தச் சொன்னார்கள். இந்த நாட்டுக்கு உண்மையாக இருப்பேன், வேறு நாட்டின் குடிமகனாக இருக்கமாட்டேன் என்று சொல்ல வேண்டும். கட்டுப் போட்ட கையைத் தூக்கினேன். சொல்லும்போது ஊர் கண் முன்னால் வந்தது. பெற்றவர்களை எரித்த மண் அங்கே இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன், வெளியே வந்து சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்று அழுதேன்.

ஆகவே சதாசிவம், நாங்கள் வரவில்லை. பார்க்க வருவோம். செல்விக்குக் கொஞ்சம் தமிழ் எழுதப் பழக்கிவிட்டுத்தான் வருவோம், இல்லையென்றால் நீ மறுபடியும் டாக்டரைத் தேடுவாய்.

அன்று ஆற்றோரமாக நடந்து திரும்பினோம். செல்வி முன்னால் போய்க்கொண்டிருந்தாள். ராஜத்திடம் ஒரு பதில் பாக்கி இருந்தது. அதைச் சொல்லாமல் அந்த வீட்டுக்குள் படுக்க எனக்கு மனம் வரவில்லை.

"அன்னிக்கு மைனஸை மாத்திக் கட்டுனது நெசமாவே கை தவறிப்போச்சு" என்றேன். "ஆனா ஃபியூஸை நான் மறக்கல, ராஜம். டூல்ஸ் பெட்டியில இருந்துச்சு. கையில எடுத்தேன். நானா முடிவெடுக்க வேணாம், அதுவா முடியட்டும்னு திருப்பி வெச்சுட்டேன்."

அவள் நடையை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றாள். "ஃபியூஸையே மறக்குற ஆளா நீங்க ஆயிருந்தீங்கன்னாத்தான் பயந்திருப்பேன். சீக்கிரம் நடங்க, மீன்காரரு போயிடுவாரு."